அண்ணல் அம்பேத்கரும் அமெரிக்கக் கல்வியும்

நம் கல்விச் சங்கம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவெய்தும் இந்நன்னாளில் வெளிவரும் வெள்ளிவிழா மலருக்கு, அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைப் பணித்தனர். அண்ணலின் வாழ்வு ஒரு பெருங்கடல். மகாத் குளத்தில் நீர் அள்ளியதும், வட்டமேசை மாநாட்டில் வழக்காடியதும், அரசியல் சட்டம் யாத்ததும், பௌத்தம் தழுவியதும் நம் மேடைகளில் பலகாலும் பேசப்பட்டவை. ஆகவே அப்பெருவாழ்வின் ஒரு பகுதியை, அவர் அமெரிக்கா சென்று பயின்ற வரலாற்றை மட்டும், ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன். அவ்வாறு விழைந்ததற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூறிவிடுதல் நன்று.

ஒரு பெரியவரின் கேள்வி

கேளம்பாக்கத்தில் உப்பளங்களில் உழைத்து முதுமையெய்திய பெரியவர் ஒருவர், நம் சங்கத்தின் பழைய உறுப்பினர், ஒருநாள் தம் பேரனுடன் என் அறைக்கு வந்தார். அவருடைய மகன் பொறியியல் பயின்று, கணினி நிறுவனம் ஒன்றின் வாயிலாக அமெரிக்கா சென்றவர். பேரன் அங்குப் பிறந்தான். 2008 ஆம் ஆண்டில் அந்நாட்டில் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியில் மகனின் வேலை போயிற்று. குடும்பம் கைக்குழந்தையுடன் ஊர் திரும்பியது. அக்குழந்தையே நம் அரசுப் பள்ளியில் முதல் வகுப்பு முதல் பயின்று, இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் நிற்கின்றான். பிறப்பால் அவன் அமெரிக்கக் குடிமகன். படிப்பால் கேளம்பாக்கத்துப் பிள்ளை.

அப்பேரன் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க விரும்பினான். அதற்குப் பள்ளித் தலைமையாசிரியர் நிறைவு செய்து அனுப்ப வேண்டிய அறிக்கை ஒன்று உண்டு. நான்கு ஆண்டு மதிப்பெண்கள், பள்ளியைப் பற்றிய குறிப்பு, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவை அதனுடன் செல்லவேண்டும். போதாக்குறைக்குப் பெயரிலும் ஒரு சிக்கல். அந்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் பின்னொட்டாக முழுமையாக எழுதப்பட்டிருந்தது. நம் சேர்க்கைப் பதிவேட்டிலோ இனிஷியலாக ஓர் எழுத்து மட்டுமே இருந்தது. இருவரும் ஒருவரே என யார் சான்று பகர்வது?

உண்மையை ஒளியாமல் கூறுகின்றேன். அன்று நான் அவர்களிடம், இவ்வாறு எழுதித் தரும் வழக்கம் நம் பள்ளியில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பெரியவர் மறுசொல் கூறவில்லை. சரிங்க ஐயா என்று கைகூப்பிவிட்டுப் பேரனுடன் படியிறங்கிச் சென்றார். அன்றிரவுதான் இக்கட்டுரைக்காக அண்ணலின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, அப்பெரியவர் படியிறங்கிய காட்சி என் நெஞ்சைச் சுட்டது. ஏன் சுட்டது என்பதை இவ்வரலாறே விளக்கும்.

பதிவேட்டில் ஏறிய பெயர்

1891 ஆம் ஆண்டு. நம் செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமன்கீர் என்னும் ஆங்கிலேயர், இம்மாவட்டத்து ஆதிதிராவிட மக்களின் இழிநிலையை விரித்துரைத்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதிய ஆண்டு அது. குடியிருக்கும் மனைக்கும் உரிமையின்றி நம் முன்னோர் வாடிய நிலையை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. பஞ்சமி நிலம் என நாம் இன்று வழங்கும் நிலங்களுக்கு அதுவே வித்தாயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள், நடு இந்தியாவில் மௌ என்னும் படை முகாமில், சுபேதார் ராம்ஜி சக்பால் என்பார்க்கும் பீமாபாய் அம்மையார்க்கும் பதினான்காவது மகவாகத் தோன்றினார் பீமராவ்.

தந்தையார் படைப்பள்ளியில் ஆசிரியப் பணியாற்றியவர். கல்வியின் அருமை அறிந்தவர். ஓய்வு பெற்றபின் குடும்பம் தபோலியிலும், பின்னர்ச் சதாராவிலும் வாழ்ந்தது. பீமராவ் இளமையிலேயே அன்னையை இழந்தார். 1900 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் சதாரா அரசுப் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். குடும்பப் பெயர் சக்பால். பூர்விக ஊர் இரத்தினகிரிப் பகுதியைச் சார்ந்த அம்பாடவே. பள்ளிப் பதிவேட்டிலோ அம்பேத்கர் என்னும் பெயர் ஏறிற்று. ஒரு பள்ளியின் பதிவேட்டில் எவரோ ஒருவர் மைதொட்டு எழுதிய அப்பெயரே பின்னர் மூன்று கண்டங்களிலும் ஒலித்தது. பதிவேடு எழுதும் கைகளுடைய நாங்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது.

அப்பள்ளியில் அவர் பட்ட துன்பங்களை நாம் அறிவோம். பிற மாணவர்கள் பலகையில் அமர, அவர் வீட்டிலிருந்து கொணர்ந்த சாக்குத் துணியில் தனித்து அமர்ந்தார். தண்ணீர்க் குழாயைத் தம் கையால் திறக்க அவருக்கு உரிமையில்லை. பணியாள் வந்து திறந்தால் நீர் உண்டு, வாராவிடில் தாகந்தான். வடமொழி பயில விரும்பியும் வாய்க்கவில்லை, பாரசீகம் பயின்றார்.

ஓர் ஆசிரியரின் பரிந்துரை

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் வாழும் குடியிருப்பில் ஒற்றை அறையில் வாழ்க்கை. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1907 இல் மெட்ரிகுலேசன் தேர்வெழுதி வெற்றி பெற்றார். அவர் சமூகத்தில் அத்தேர்வில் வென்றோர் அரியர் ஆதலின், அதனைக் கொண்டாட ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. அக்கூட்டத்திற்கு வந்தவருள் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் ஒருவர். அவர் வேறு சமூகத்தவர், நூலாசிரியருமாவார். பூங்காவில் தனியே அமர்ந்து படித்துக்கொண்டிருந்த இச்சிறுவனை முன்னரே கண்டு பழகியவர். தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அன்று பீமராவுக்குப் பரிசளித்தார்.

பரிசளித்ததோடு கேளுஸ்கர் நின்றிருந்தால் அவரை நாம் நினைவுகூரத் தேவையில்லை. நாம் எல்லோரும் பரிசளிக்கின்றோம், கைகுலுக்குகின்றோம், வீடு திரும்புகின்றோம். அவரோ, கல்லூரிப் படிப்பைத் தொடர ராம்ஜியிடம் பொருளில்லை என்பதை அறிந்ததும், பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அவர்களிடம் தாமே பீமராவை அழைத்துச் சென்றார். மன்னர் சில வினாக்களை வினவினார்; விடைகளால் மகிழ்ந்தார்; திங்கள்தோறும் 25 ரூபாய் உதவித்தொகை வழங்க ஆணையிட்டார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பேராசிரியர் முல்லர் என்பார் நூல்களும் உடைகளும் தந்து உதவினார். 1912 இல் பி.ஏ. தேர்வில் பீமராவ் தேறினார்.

ஒரு மாணவனின் கையிலிருந்த ஒரு சான்றிதழை அடுத்த வாயில் வரை கொண்டு சேர்த்தது, தம் நேரத்தைச் செலவிட்டு உடன் நடந்த ஓர் ஆசிரியரின் கால்கள். அதற்கு முன் அவ்வாறு செய்யும் வழக்கம் இருந்ததா என்று கேளுஸ்கர் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. இவ்விடத்தைப் படித்தபோதுதான் நான் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

1913: கடல் கடந்த ஆண்டு

1913 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீமராவ் பரோடா அரசின் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தையார் நோயுற்ற செய்தி வந்தது. பிப்ரவரி 2 ஆம் நாள் ராம்ஜி மறைந்தார். மகனின் படிப்பையே தம் வாழ்வாகக் கொண்டிருந்த தந்தை, அதன் பெரும்பயனைக் காணாமலே கண்மூடினார். இருபத்திரண்டு வயதை எட்டவிருந்த இளைஞருக்குத் தோளில் குடும்பச் சுமை. வீட்டில் இளமனைவி இரமாபாய். கையில் சில திங்களே நிரம்பிய மகன் யஷ்வந்த்.

அவ்வேளையில் பரோடா மன்னர் சில மாணவர்களை அமெரிக்காவிற்கு மேற்படிப்புக்காக அனுப்பக் கருதியிருந்தார். நம் நாட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டமோ குடிமைப் பணியோ பெற்றுவருவதே அக்கால வழக்கம். சயாஜிராவோ அமெரிக்கக் கல்விமுறையில் பெரும் பற்றுடையவர். தம் நாட்டில் நூலகங்களை அமைக்க 1910 இல் போர்டன் என்னும் அமெரிக்க நூலகரை வரவழைத்தவர். அவர் அளித்த வாய்ப்பைப் பீமராவ் ஏற்றார். 1913 ஜூன் 4 ஆம் நாள் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மூன்றாண்டுகளுக்குத் திங்கள்தோறும் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை. குறித்த பாடங்களையே பயிலவேண்டும். படிப்பு முடிந்தபின் பரோடா அரசில் பத்தாண்டு பணியாற்றவேண்டும்.

பதினொன்றரைப் பவுன் என்பது அந்நாளைய மதிப்பில் ஏறத்தாழ 170 ரூபாய். அமெரிக்க நாணயத்தில் 56 டாலர் அளவு. அதிலிருந்தே தம் செலவையும் பார்த்துக்கொண்டு, பம்பாயிலிருந்த குடும்பத்திற்கும் ஒரு பகுதியை அனுப்பிவந்தார்.

ஜூலைத் திங்கள் மூன்றாம் வாரத்தில் அவர் நியூயார்க் நகரில் இறங்கினார். இன்றுள்ள மாணவர் விசா முறை அன்று இல்லை. பல்கலைக்கழகத்தின் வாயில் திறக்க அவர் காட்டவேண்டியிருந்தவை இன்றும் காட்டவேண்டியவையே: என்ன பயின்றாய், யார் உனக்காகப் பேசுவார், யார் பொருள் தருவார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை. பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டம் முதல் வினாவிற்கு விடை. ஏனைய இரண்டிற்கும் பரோடா அரசின் பொறுப்பேற்பே விடை. பிறநாட்டில் பயின்ற ஒருவரைக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் முதுகலை வகுப்பில் ஏற்றுக்கொண்டது.

ஒன்றை ஈண்டு மறத்தல் ஆகாது. பல்கலைக்கழகத்தின் கதவு திறந்திருந்த அந்நாட்டில், குடியுரிமையின் கதவு இந்தியர்க்கு எளிதில் திறக்கவில்லை. வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினருமே குடியுரிமை கோரலாம் என்பது அக்காலச் சட்டம். இந்தியர் அதற்குத் தகுதியற்றவர் என 1923 இல் பகத்சிங் திந்த் என்பாரின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1946 இல்தான் சட்டம் மாறிற்று. ஆயின் அம்மண்ணில் பிறந்தார் யாவரும் குடிமக்கள் என்னும் விதி 1868 இல் அரசியல் சட்டத் திருத்தமாக இயற்றப்பட்டது. அடிமைத் தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்காக எழுந்த திருத்தம் அது. நம் பெரியவரின் பேரன் அமெரிக்கக் குடிமகனானதும் அவ்விதியால்தான். யாரோ சிந்திய குருதிக்கு யாரோ பெறும் பயன்! ஒடுக்கப்பட்டோர் ஒருவர்க்கொருவர் அறியாமலே செய்துகொள்ளும் உதவி இதுவன்றோ?

கொலம்பியாவில் மூன்றாண்டுகள்

முதலில் ஹார்ட்லி மண்டபம் என்னும் மாணவர் விடுதியிலும், பின்னர் லிவிங்ஸ்டன் மண்டபத்திலும் பீமராவ் தங்கினார். அங்கே நவல் பதேனா என்னும் பார்சி இளைஞர் அவருக்கு அறைத்தோழரானார். அந்நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. சாக்குத் துணியில் தனித்து அமர்ந்தவர், இங்கே பிறரோடு ஒரே மேசையில் உண்டார். ஒரே பலகையில் அமர்ந்து பயின்றார். தீண்டாமை என்பது இயற்கையன்று, ஒரு நாட்டார் வகுத்துக்கொண்ட வழக்கமே என்பதை நூலறிவால் மட்டுமன்றி உடலாலும் உணர்ந்தார்.

எனினும் அந்நாட்டைக் குறையற்றதெனக் கொள்ளற்க. அப்பல்கலைக்கழகத்தை அடுத்திருந்த ஹார்லம் பகுதி அந்நாட்களில் கறுப்பின மக்களின் பெருங்குடியிருப்பாக உருவாகி வந்தது. நிறவெறியின் கொடுமை அந்நாடெங்கும் இருந்தது. அதனை அண்ணல் மறந்தாரல்லர். பிற்காலத்தில், 1946 இல், கறுப்பினத் தலைவர் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அம்மக்கள் அளித்த விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டறிய முயன்றார்.

கொலம்பியாவில் அவர் எடுத்துக்கொண்ட பாடங்களின் எண்ணிக்கையை நோக்கின் வியப்பே மேலிடும். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. அவற்றோடு பிரெஞ்சும் ஜெர்மனும். தத்துவப் பேரறிஞர் ஜான் டியூவி, பொது நிதியியலில் வல்லவரான செலிக்மன், வரலாற்றறிஞர்கள் ஷாட்வெல், ராபின்சன் ஆகியோர் அவர்க்கு ஆசிரியராயினர். பழைய புத்தகக் கடைகளில் நூல்களைத் தேடித் தேடி வாங்கினார். உணவைக் குறைத்து நூலைப் பெருக்கினார் என்றால் மிகையன்று.

1915 இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பண்டைய இந்திய வாணிகம் பற்றியது அப்பட்டத்திற்கான ஆய்வு. 1916 மே 9 ஆம் நாள், மானிடவியலறிஞர் கோல்டன்வைசர் நடத்திய ஆய்வரங்கில், இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, எவ்வாறு பெருகின என்பது பற்றிக் கட்டுரை படித்தார். அகமணமுறையே சாதியின் உயிர்நாடி என அதில் நிறுவினார். அடுத்த ஆண்டு அக்கட்டுரை இந்தியன் ஆன்டிகுவரி என்னும் இதழில் வெளிவந்தது. படிக்கச் சென்ற இளைஞர், இருபத்தைந்தாம் அகவையில் தம்மை வருத்திய நோயின் மூலத்தை உலகறிஞர் முன்னிலையில் ஆய்ந்துரைக்கும் நிலைக்கு உயர்ந்தார்.

பட்டத்தால் போக்க இயலாத இழிவு

1916 இல் அண்ணல் இலண்டன் சென்றார். இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், சட்டம் பயில கிரேஸ் இன் என்னும் சட்ட நிறுவனத்திலும் சேர்ந்தார். ஆயின் பரோடாவின் உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917 இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பவேண்டியதாயிற்று. நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்னும் இசைவை மட்டும் முன்னதாகப் பெற்றுக்கொண்டார். இவ்வொரு முன்யோசனையை நம் மாணவர்கள் கருத்தில் கொள்க. வறுமையால் படிப்பை நிறுத்த நேர்ந்தாலும், திரும்பி வரும் வாயிலை எழுத்தில் பெற்று வைத்தவர் அவர்.

உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய உடைமைகளை ஏற்றிவந்த சரக்குக் கப்பல் பகைவரால் மூழ்கடிக்கப்பட்டது. பசி பொறுத்துச் சேர்த்த நூல்களில் பல கடலுக்கு இரையாயின. அதற்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகையைக் கொண்டே பரோடாவிற்குப் பயணச் செலவு செய்தார் என்றால், அவர் வறுமையின் அளவு விளங்கும்.

பத்தாண்டு பணி ஒப்பந்தத்தை நிறைவேற்றவே அவர் பரோடா சென்றார். அமெரிக்கப் பட்டம் பெற்ற அவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பிறர் பெயரில் தங்கினார். பதினொன்றாம் நாள் தடியேந்திய கூட்டம் ஒன்று வந்து அவரை வெளியேறப் பணித்தது. அலுவலகத்தில் ஏவலர்கள் அவர் கைபடாதிருக்கக் கோப்புகளை மேசையில் வீசினர். நியூயார்க்கிலும் இலண்டனிலும் மனிதராக மதிக்கப்பட்டவர், பரோடாவின் பூங்கா ஒன்றில் போக்கிடமின்றி அமர்ந்து கண்ணீர் உகுத்தார். பின்னர்ப் பம்பாய்க்குத் திரும்பினார்.

கல்வி கற்றால் இழிவு தானே அகலும் என்று எளிதாகப் பேசுவோர் உளர். அண்ணலின் வாழ்வு அதற்கு உடன்படவில்லை. கல்வி இழிவை அகற்றவில்லை. இழிவை எதிர்க்கும் படைக்கலத்தைக் கையில் தந்தது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கு நாம் மறைக்கலாகாது.

விட்ட இடத்தில் தொட்டவர்

1918 இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் உதவினார். நியூயார்க் அறைத்தோழர் நவல் பதேனா ஐயாயிரம் ரூபாய் கடனளித்தார். 1920 இல் மீண்டும் இலண்டன் ஏகினார். 1921 இல் எம்.எஸ்ஸி., 1923 இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்விற்காக டி.எஸ்ஸி. என்னும் பட்டங்களைப் பெற்றார். பாரிஸ்டருமானார்.

கொலம்பியாவின் முனைவர் பட்டமோ பின்னரே கைக்கு வந்தது. ஆய்வேட்டை நூலாக அச்சிட்டுப் படிகளை அளித்தபின்பே பட்டம் வழங்குவது அப்பல்கலைக்கழகத்தின் அந்நாளைய விதி. அங்குத் தொடங்கிய ஆய்வின் வளர்ந்த வடிவமாக, பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய நூல் 1925 இல் இலண்டனில் அச்சேறியது. ஆசிரியர் செலிக்மனே அதற்கு முன்னுரை எழுதினார். 1927 இல் முனைவர் பட்டம் வழங்கப்பெற்றது. அதே 1927 இல்தான் மகாத் குளத்தில் அவர் நீர் அள்ளினார். 1913 இல் கப்பலேறியவர்க்கு அப்பட்டம் முறையாகக் கிட்டப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. இடையில் போர், கடன், பணியிழப்பு, அவமதிப்பு யாவும் வந்தன. விண்ணப்பத்தை அவர் ஒருபோதும் திரும்பப் பெறவில்லை.

தாம் ஏறிய ஏணியைப் பிறர்க்கும் நிறுத்தினார் என்பதே அவர் வாழ்வின் சிறப்பு. 1924 இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவி, மாணவர் விடுதியும் நூலகமும் அமைக்க வழிகண்டார். 1930 இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டில், நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் தோன்றிய இரட்டைமலை சீனிவாசனாருடன் அமர்ந்து நம் உரிமைக்கு வாதாடினார். அவர் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராயிருந்த 1944 இல், தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மெட்ரிகுலேசனுக்குப் பிந்தைய படிப்பிற்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. நான் பி.ஏ. பயின்றதும் அத்திட்டத்தின் நிழலிலேதான். 1945 இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. 1952 ஜூன் 5 ஆம் நாள், கொலம்பியாப் பல்கலைக்கழகம் தன் பழைய மாணவரை அழைத்துச் சட்ட அறிஞர் என்னும் மதிப்புறு பட்டம் அளித்துப் போற்றியது. 1956 டிசம்பர் 6 ஆம் நாள் அண்ணல் மறைந்தார்.

நாம் செய்யவேண்டுவது

இவ்வரலாற்றைப் படித்த மறுநாட் காலை, நான் பெரியவரின் இல்லத்திற்குச் சென்றேன். பேரனுடன் அமர்ந்து, அவ்வறிக்கையை வரி வரியாகப் படித்து நிறைவு செய்தேன். நான்கு ஆண்டு மதிப்பெண்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கையொப்பமும் முத்திரையும் இட்டேன். பெயர்கள் இரண்டும் ஒருவனையே குறிப்பன என்பதற்குச் சேர்க்கைப் பதிவேட்டின் அடிப்படையில் சான்றளித்தேன். நோட்டரி முன்னிலையில் தந்தையார் உறுதிமொழிப் பத்திரம் எழுதினார். ஆங்கில ஆசிரியை பரிந்துரைக் கடிதம் எழுதினார். விண்ணப்பம் சென்றுவிட்டது. முடிவு இனிமேல்தான் வரும்.

அவ்வேலையில் நான் கற்றவற்றை, பிற பெற்றோர்க்கும் பயன்படும் என்பதால் சுருங்கக் கூறுகின்றேன். அமெரிக்காவில் பிறந்து இங்குப் பயிலும் பிள்ளைகள் இப்போது நம் பக்கத்தில், சிறுசேரி தொடங்கித் திருப்போரூர் வரை, உளர். அவர்க்கு மாணவர் விசா தேவையில்லை. வறிய குடும்பமாயின் அந்நாட்டு மைய அரசின் கல்வியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம். பிறநாட்டில் பயின்றது அதற்குத் தடையன்று. ஆயின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் குறைந்த கட்டணம் என்பது பெரும்பாலும் அம்மாநிலத்தில் குடியிருந்தோர்க்கே உரியது. குடியுரிமை மட்டும் இருந்தால் போதாது. ஆங்கிலத் தேர்வு கேட்பதும் கேளாததும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம். நம் நாட்டு ஆதிதிராவிடர் உதவித்தொகைகளோ இந்தியக் குடிமக்களுக்கே உரியன. அப்பேரனுக்கு அவை கிடையா.

நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் இந்தியக் குடிமக்களே. அவர்க்கு முதுகலையும் முனைவர் படிப்பும் அயல்நாட்டில் பயில மைய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டரசும் அண்ணல் அம்பேத்கர் பெயராலேயே அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை வழங்குகின்றது. 1913 இல் ஒரு மன்னரின் மனம் கனியக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அது அரசின் திட்டம். தகுதியுடையோர் விண்ணப்பிக்கலாம். எனினும் நம் ஊர்களில் எத்துணை வீடுகளுக்கு இச்செய்தி எட்டியுள்ளது? இருபத்தைந்து ஆண்டுகளாக ஆண்டுதோறும் மதிப்பெண் மிகுந்தார்க்குப் பரிசும் பொன்னாடையும் வழங்கிவரும் நம் சங்கம், ஒரு விண்ணப்பத்தை நிறைவு செய்ய உதவியதுண்டா? இக்குறை என்னையும் சார்ந்ததே என்பதை முன்னரே ஒப்புக்கொண்டேன்.

ஆகவே வெள்ளிவிழாவை ஒட்டிச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் இடுவோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், கணினி அறிந்த இளைஞர் ஒருவரும் அங்கு அமரட்டும். சான்றிதழில் பெயர்ப்பிழையா, உதவித்தொகை விண்ணப்பமா, அயல்நாட்டுப் பல்கலைக்கழகமா, எதுவாயினும் வருவோர்க்கு வழிகாட்டுவோம். முதல் ஞாயிறு அமரும் பொறுப்பை நானே ஏற்கின்றேன்.

மாணவச் செல்வங்களே! அண்ணலின் படத்தை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பீர்கள். அப்படத்தில் அவர் கையில் ஒரு நூல் இருப்பதைக் காண்பீர்கள். அந்நூலை அவர் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தவை அவருடைய அயரா உழைப்பும், கேளுஸ்கர் போன்றாரின் துணையும். உழைப்பு உங்களுடையதாகட்டும். துணையாக நாங்கள் இருப்போம். அன்று படியிறங்கிச் சென்ற பெரியவரைப் போல் இனி ஒருவரும் எங்கள் வாயிலிலிருந்து வெறுங்கையுடன் திரும்பலாகாது. நம் கல்விச் சங்கம் இன்னும் பல விழாக் கண்டு ஓங்குக! அண்ணலின் புகழ் வாழ்க!